பன்னிரண்டரை மணி விமானமும் பழவேற்காடும்

இரவு 12.30-க்கு விமானம். ஒன்பதரைக்குள் மீனம்பாக்கத்தில் இருந்தால் போதும். கும்மிடிப்பூண்டியிலிருந்து மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். ஆக, மிச்சம் ஒரு முழுப் பகல் இருக்கிறது. அதை என்ன செய்வது?

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து திரும்புகிறவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். பெட்டி கட்டியாயிற்று. பார்க்க வேண்டிய சொந்தக்காரர்களை எல்லாம் பார்த்தாயிற்று. வாங்க வேண்டியதை வாங்கி, வாங்க வேண்டாததையும் வாங்கி, ஸ்பிரிங் தராசில் பெட்டியை மூன்று முறை தூக்கிப் பார்த்தும் ஆயிற்று. இனி வீட்டில் சும்மா உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அதற்குப் பயந்தே பாதிப் பேர், "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாமே" என்று கிளம்பிவிடுகிறார்கள். சுற்றிப் பார்ப்பது என்று அதற்குப் பெயர்!

மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்திருந்த அந்தத் தம்பதியும் அப்படித்தான் கிளம்பினார்கள். நாள் 2025 ஜனவரி 29, புதன்கிழமை. கணவருக்கு வயது 72, தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பொங்கலுக்கு வந்து மூன்று வாரம் தங்கியிருந்தது பெரியப்பா மகன் வீட்டில். அந்த அண்ணனுக்கு வயது 78. இரண்டு முழங்காலும் தேய்ந்து போய், படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர். ஆசிரியர் இந்தியாவுக்கு வருவது இது மூன்றாம் முறை. அண்ணன் மலேசியா போனதே இல்லை. அடுத்த முறை என்று ஒன்று இருக்குமா என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. தெரியாது என்பதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

அன்றைய நாள் விடிந்ததே ஒரு வேடிக்கையுடன்தான். காலை 6.23-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்-15 ராக்கெட் கிளம்பியது. அந்த ஏவுதளத்திலிருந்து இஸ்ரோ செலுத்திய 100-வது ராக்கெட் அது. கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு ராக்கெட் பார்க்க டிக்கெட்டும் வேண்டாம், பாஸும் வேண்டாம். மொட்டை மாடி போதும். முழங்கால் வலியோடு அண்ணன் முன்னாலேயே ஏறி, வடக்குப் பக்கம் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னும் சூரியன் வரவில்லை. பனை மரங்களுக்கு மேலே ஒரு தீக்கோடு எழும்பி, கிழக்கே வளைந்து, ஒரு பொட்டாகி, காணாமல் போனது. சத்தமே இல்லை.

"சத்தம் வரலையேண்ணே?"

"வரும் இரு. அது போனப்புறம்தான் வரும்."

நேர்க்கோட்டில் பார்த்தால் ஏவுதளம் அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ஒலி அந்தத் தூரத்தைக் கடந்து வர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். வந்தபோது மாடிச் சுவரில் வைத்திருந்த டம்ளர் லேசாக அதிர்ந்தது. (அந்த ராக்கெட் கொண்டுபோன என்.வி.எஸ்-02 செயற்கைக்கோள், சேர வேண்டிய வட்டப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை என்ற செய்தி சில நாட்கள் கழித்துத்தான் வந்தது. அன்று காலை தெருவெல்லாம் கைதட்டல்தான்.)

கீழே இறங்கியதும் எங்கே போவது என்ற பேச்சு ஆரம்பித்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் பார்க்க இடமா இல்லை? காரைக்கால் அம்மையார் பேரோடு சேர்ந்த திருவாலங்காடு இருக்கிறது. திருத்தணி இருக்கிறது. 1944-ல் கட்டி முடித்த பூண்டி ஏரி இருக்கிறது. சொந்த வீடு வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் கூடுகிற சிறுவாபுரி முருகன் கோயில், ஜி.என்.டி. சாலையிலிருந்து திரும்பினால் வந்துவிடும். ஆனால் ஆசிரியரின் மனைவி ஒரே பிடியாகத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் என்றார். காரணம் இருந்தது. அன்று தை அமாவாசை.

தை அமாவாசைக்குத் திருவள்ளூர் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் நாள் இரவே ஜனங்கள் வந்து கோயிலைச் சுற்றிப் படுத்துவிடுவார்கள். ஹிருத்தாபநாசினி என்கிற கோயில் குளத்தில் முழுகி, முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, நோய் தீர வேண்டிக் குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அங்கே கார் போய், நிறுத்தி, தரிசனம் செய்து திரும்புவது நடக்கிற காரியமா? "விமானத்தை விட்டுடுவீங்க சித்தி" என்றான், இரவு ஷிப்ட் முடித்து சேஃப்டி ஷூவோடு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த அண்ணன் மகன்.

அண்ணன்தான் முடித்துவைத்தார். "கடலுக்குப் போவோம். பழவேற்காடு. சித்தப்பா கடல் தாண்டிப் போனவருதானே. அவருக்குக் குளம் எதுக்கு?"

வாடகைக் கார் எட்டு மணிக்கு வந்தது. அண்ணனை வீட்டிலேயே இருக்கச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். அவர் பதில் சொல்லாமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் ஒரு மணிக்குள் திரும்பி, வீட்டில் படையல் போட்டு, காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பாடு என்று ஏற்பாடு.

சிப்காட் பக்கமாக வண்டி போனது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றுலா இடமாக யாரும் நினைக்கமாட்டார்கள். இரும்பு உருக்காலைகள், புகைபோக்கிகள், சாலையோரம் வரிசையாகப் படுத்துக் கிடக்கும் டிரெய்லர் லாரிகள், டீக்கடைப் பலகையிலும் சலூன் பலகையிலும் இந்தி எழுத்து. ஆனால் ஆசிரியர் அங்கேதான் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட, ஒரே வரிசையில் பதினைந்து இருபது கதவுகள் உள்ள நீளமான கட்டடம். கதவுக்கு ஒரு கொடிக்கயிறு. வாசலில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டே போனில் முகம் பார்த்துப் பேசும் பையன்கள். பீகாரோ, ஒடிசாவோ.

"லயம்!" என்றார் ஆசிரியர்.

"என்னது?"

"எஸ்டேட் லயம்ணே. நான் பொறந்தது இந்த மாதிரி வீட்லதான். அப்படியே இருக்கு."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். தினமும் கடந்து போகிற கட்டடம். சித்தப்பா இருந்த வீடு எப்படி இருக்கும் என்று எழுபது வருஷமாக மனதுக்குள் ஏதோ ஒரு படம் வைத்திருந்திருப்பார் போலிருக்கிறது. அது இப்படி வீட்டுக்குப் பின்னாலேயே நிற்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அந்தச் சித்தப்பா, அதாவது ஆசிரியரின் அப்பா, மலாயா போனது 1937-ல். பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பதினேழு வயது. அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களுக்குக் கப்பல் கட்டணம் இலவசம். தோட்ட முதலாளிகளிடமிருந்து திரட்டிய ஒரு குடியேற்ற நிதி 1907 முதலே அதற்கென்று இருந்தது. 1938-ல் இந்திய அரசு இந்த இலவசப் பயணத்தைத் தடை செய்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருந்தால் அவர் போயிருக்கவே மாட்டார். ஒரு வருஷத்தில் ஒரு குடும்பம் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டது.

பொன்னேரி தாண்டி, திருப்பாலைவனம் தாண்டிப் போனால் காற்றே மாறிவிடுகிறது. உப்பும் சேறும் கலந்த வாசனை. தூரத்தில் ஏரி. ஏரி என்று சொல்வது வழக்கம், உண்மையில் அது உப்புநீர்க் காயல். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரியது. பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம் மட்டும் நம் பக்கம். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். அன்று தண்ணீரின் மேல் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. ஆசிரியரின் மனைவி போனில் படம் எடுத்தார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பாலத்தைக் கடந்து லைட் ஹவுஸ் குப்பம் போய், கடற்கரையில் இறங்கினார்கள். அங்கங்கே குடும்பம் குடும்பமாகத் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு ஐயர் இல்லை. அண்ணன்தான் ஐயர். மஞ்சள் பையிலிருந்து எள்ளை எடுத்து, தம்பியின் கையில் கொட்டி, "பேரைச் சொல்லு" என்றார். ஆசிரியர் அப்பா பெயரைச் சொன்னார். பிறகு தாத்தா பெயர். பாட்டி பெயரில் வந்து நின்றுவிட்டார். தெரியவில்லை. அண்ணன் எடுத்துக் கொடுத்தார். ஈரக் கையில் எள் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. மூன்று அலைக்குக் கழுவ வேண்டியிருந்தது.

காயல் கரையில் படகுகளைப் பார்த்ததும் ஆசிரியரின் மனைவிக்கு ஒரு சுற்று போய்வர ஆசை. டிரைவர் பையன் முகம் மாறிவிட்டது. "வேணாம்மா. இங்க டூரிஸ்ட்டுங்கள ஏத்தக் கூடாது." 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே தண்ணீரில் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது அதன் பிறகுதான். அவர்களும் ஒரு விடுமுறை நாளைக் கழிக்க வந்தவர்கள்தான். அந்த அம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை.

கரையில் கூடை கூடையாக நண்டு. காலைக் கட்டிப் போட்டிருந்தும் கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்தன. பழவேற்காட்டுச் சேற்று நண்டு உயிரோடு சிங்கப்பூர் வரை ஏற்றுமதியாகிறது. "உங்க கூடவே மீனம்பாக்கத்துல ஏறும், ஆனா அதுக்கு லக்கேஜ் தொல்லை இல்ல" என்று அண்ணன் சிரித்தார். வாங்கவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. அமாவாசை. பழவேற்காடு வரை வந்து நண்டு சாப்பிடாமல் திரும்பியவர்கள் என்ற பெருமை அவர்களுக்கு உண்டு!

அடுத்து டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. "அமாவாசையும் அதுவுமா சுடுகாட்டுக்கா?" என்று அண்ணன் தயங்கினார். பிறகு அவரே, "இவங்களும் யாரோட முன்னோர்களோ" என்று கம்பை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. உள்ளே 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். கனமான கருங்கல் பலகைகள், அவற்றில் குடும்பச் சின்னங்கள், ஓரம் முழுக்க டச்சு எழுத்துகள். இன்னார் இங்கே அடக்கம், இந்த வருஷம், இந்த வயது. வணிகர்கள், அதிகாரிகள், அவர்களுடைய மனைவிமார்கள், குழந்தைகள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வந்தது 1610 வாக்கில். 1613-ல் கோட்டை எழுந்தது. அதைக் கட்டிய வெம்மர் வான் பெர்கெம் என்ற அதிகாரி, ஹாலந்தில் தன் சொந்த மாகாணத்தின் பெயரையே அதற்கு வைத்தார்: கெல்டிரியா. ஊர் நினைப்பு யாரைத்தான் விட்டது! 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். பிறகு அது நாகப்பட்டினத்துக்குப் போனது. 1825-ல் ஊரே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கோட்டை இருந்த இடத்தில் இன்று மேடும் பள்ளமும் முள்மரமும்தான்.

இந்த வரலாற்றைப் பேசும்போது கல்லறைகளோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நியாயமில்லாத வழக்கம். அதே 17-ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்தும் பக்கத்துத் துறைகளிலிருந்தும் பல்லாயிரம் பேரை டச்சுக்காரர்கள் அடிமைகளாக வாங்கி, பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். பஞ்ச காலத்தில் ஆள் மலிவாகக் கிடைத்தார்கள். அவர்களில் யாருடைய பெயரையும் எந்தக் கல்லும் சொல்லவில்லை. சாவுக்குக்கூட ஒரு கல் கிடைத்தது வாங்கினவர்களுக்குத்தான், விற்கப்பட்டவர்களுக்கு இல்லை.

மர நிழலில் ஒரு திட்டில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்தார்கள். ஆசிரியரின் மனைவி பனையோலைப் பெட்டி விற்கும் பெண்களிடம் பேரம் பேசப் போயிருந்தார். இரண்டு பேரும் எதிரே இருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அண்ணன் கேட்டார்.

"சித்தப்பாவ எங்க அடக்கம் பண்ணீங்க?"

மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். அதற்கு முன் இரண்டு பயணம். எத்தனையோ கடிதம், எத்தனையோ போன். இந்தக் கேள்வி வந்ததே இல்லை. எரித்தார்களா புதைத்தார்களா என்பதுகூட அண்ணனுக்கு ஊகம்தான்.

"எஸ்டேட்லயேண்ணே. 79-ல. தோட்டத்து ஓரமா எல்லாருக்கும் ஒரு இடம் இருந்துச்சு."

"அடுத்த தடவை நான் வந்தா காட்டுவியா?"

ஆசிரியர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். கிள்ளான் பக்கம் ரப்பர் தோட்டங்கள் பல அப்படித்தான் போயின. முதலில் செம்பனை, பிறகு வீட்டுமனை. புதைகுழிகளை வேறு இடத்துக்கு மாற்றப்போவதாகச் சொல்லித் தேதி கொடுத்தார்கள். அவருக்கு அப்போது வேறு ஊரில் வேலை. தகவல் வந்து சேர்வதற்குள் தேதி முடிந்துவிட்டது. போய்ப் பார்த்தபோது மண்ணைச் சமப்படுத்தியிருந்தார்கள். எந்த எலும்பு எங்கே போனது என்று சொல்ல ஆளில்லை. இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி. கார் நிறுத்துமிடமாக இருக்கலாம் என்பது அவர் கணக்கு.

"இத ஏன்டா எழுதல?"

"எப்படிண்ணே எழுதறது?"

அண்ணன் தலையை ஆட்டினார். ஹாலந்துக்காரனின் கல்லில் ஒரு ஓணான் வந்து உட்கார்ந்து, இவர்களைப் பார்த்துவிட்டுப் போனது. வெகு நேரம் கழித்து அண்ணன் சொன்னது, "அப்ப காலைல கடல்ல உட்டது சரிதான்."

வீட்டில் இருந்திருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது. டி.வி. ஓடியிருக்கும். யாராவது காபி கொண்டுவந்திருப்பார்கள்.

திரும்பும் வழியில் பேச்சு வேண்டுமென்றே கைலிக்குப் போனது. அண்ணன் இடுப்பில் இருந்த கட்டம் போட்ட கைலி, தம்பி கிள்ளானிலிருந்து வாங்கி வந்தது. மலாய்க்காரர்கள் தொழுகைக்குப் போகும்போது கட்டுகிற அந்தத் துணிக்கு அங்கே 'காயின் பெலேகாட்' என்று பெயர். 'காயின்' என்றால் துணி. 'பெலேகாட்' வேறொன்றுமில்லை, பழவேற்காடுதான். வெள்ளைக்காரன் வாயில் அது 'பழையகாட்' ஆகி, மலாய்க்காரர் வாயில் 'பெலேகாட்' ஆகியிருக்கிறது. இந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்த துணியைக் கிழக்கே கொண்டுபோய் விற்று, அதற்கு மாற்றாக மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குவதுதான் டச்சுக்காரர்களின் வியாபாரமே. ஊர் பெயரே துணிக்குப் பெயராக நின்றுவிட்டது. நம் ஊரிலும் பழையகாட் லுங்கி என்றால் தெரியாதவர்கள் குறைவு. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆசிரியர் ஆசையாகக் கிள்ளானில் வாங்கி, விமானத்தில் சுமந்து வந்த கைலியின் ஓரத்துச் சீட்டில் 'மேட் இன் இந்தியா' என்று இருந்தது!

"எங்க ஊர்த் துணிய எங்களுக்கே கொண்டாந்து குடுத்திருக்கான் பாரு" என்று அண்ணன் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த நகைச்சுவையை டிரைவரிடம் இன்னொரு முறை சொன்னார். டிரைவர் பையன் மரியாதைக்குச் சிரித்தான்.

படையல், காக்கை, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். காக்கை வரத் தாமதமானதில் எல்லோருக்கும் கொஞ்சம் கவலை. வந்துவிட்டது. பெட்டியில் முறுக்கு டப்பாவுக்கு இடம் இல்லை, பனையோலைப் பெட்டிக்கும் இடம் இல்லை. ஓலைப் பெட்டிக்குள் முறுக்கை வைத்துக் கைப்பையில் எடுத்துக்கொள்ளலாம் என்று பெண்கள் முடிவுக்கு வந்தார்கள். இதையெல்லாம் விரிவாகச் சொல்லத் தேவையில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஆறு மணிக்கு வண்டி கிளம்பியபோதும் அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

ஜி.என்.டி. சாலையில் கொஞ்ச தூரம், பிறகு வெளிவட்டச் சாலை. மீஞ்சூரையும் வண்டலூரையும் இணைக்கும் இந்தச் சாலை வந்தபிறகு வடக்கே இருப்பவர்களுக்கு விமான நிலையம் கிட்டே வந்த மாதிரி ஆகிவிட்டது. பட்டாபிராமை நெருங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. இடது பக்கம் தூரத்தில் விளக்குகள்.

"அது எந்த ஊருண்ணே?"

"ஆவடி."

ஆவடி என்றால் இன்று ராணுவ டாங்கித் தொழிற்சாலை. ஆனால் அந்தக் காலத்தில் மலாயாவுக்குப் போகிற கூலிகளைச் சேர்த்துவைக்கும் முகாம் இருந்த ஊர் அது. நாகப்பட்டினத்தில் ஒன்று, ஆவடியில் ஒன்று. அம்மை குத்தி, பெயர் பதிந்து, கப்பல் வரும்வரை அங்கேதான் வைத்திருப்பார்கள். அங்கிருந்து நேரே துறைமுகம், துறைமுகத்திலிருந்து நேரே கப்பல். மதராஸ் பட்டணத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும் தன் அப்பா ஒரு நாள்கூட அந்தப் பட்டணத்தைச் சுற்றிப் பார்த்ததில்லை என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசி நாளில் அவர் பார்த்தது வேலியும் தகரத் தட்டும்தான்.

"எங்க அப்பாவையும் பாத்தாரு" என்றார் அண்ணன், திரும்பாமலேயே.

பின் சீட்டில் பேச்சு நின்றது.

"தம்பி பேர் குடுத்துட்டான்னு தெரிஞ்சதும் எங்க அப்பா கிளம்பி ஆவடிக்குப் போயிருக்காரு. கூட்டியாரத்தான். வேலிக்கு இந்தாண்ட இவரு, அந்தாண்ட அவரு. வந்துடுடான்னிருக்காரு. பேர் எழுதிட்டாங்கண்ணே, ரெண்டு வருஷத்துல வந்துடறேன்னு சொல்லியிருக்காரு சித்தப்பா. பாட்டி கட்டிக் குடுத்த புளிச்சோறு இருந்துச்சாம். பாதிய வேலிக்குள்ள குடுத்துட்டு, மீதிய இவரு இந்தப் பக்கம் நின்னே சாப்பிட்டிருக்காரு. அவ்வளவுதான்."

"பெரியப்பா எங்க அப்பாவுக்கு எழுதின லெட்டர்ல இதெல்லாம் இல்லையே..."

"எப்படி எழுதறது?" என்றார் அண்ணன். பிறகு, "அரக்கோணம் வண்டில எப்ப போனாலும் அப்பா ஜன்னல் பக்கம் உக்கார மாட்டாரு. ஆவடி தாண்டினப்புறம்தான் நகந்து உக்காருவாரு. சின்னப் பையனா எனக்கு ஜன்னல் கிடைச்சிடும்னு சந்தோஷமா இருக்கும்."

வண்டி பூந்தமல்லி தாண்டும்வரை யாரும் எதுவும் பேசவில்லை. டிரைவர் பையன் பாட்டுப் போடக் கை நீட்டி, என்ன நினைத்தானோ, எடுத்துக்கொண்டான்.

விமான நிலையத்தில் எல்லாம் வழக்கம்போல அவசரம். புறப்பாட்டு வாசலில் வண்டி நின்ற இரண்டாவது நிமிடமே விசில். டிக்கெட் இல்லாதவர்கள் கண்ணாடிக் கதவு வரைதான். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பார்த்து உள்ளே விடுகிற காவலர் அலுப்பில்லாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றினார்கள். ஓலைப் பெட்டி ஆசிரியரின் மனைவி மடியில் வந்தது போலவே கையிலும் இருந்தது. "மாமா, மாத்திரைய மறக்காதீங்க" என்று அவர் அண்ணன் காலைத் தொட்டார். ஆசிரியரும் குனிந்தார். அண்ணன் குனிய விடாமல் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு எறங்குவ?"

"ஏழு மணிக்குண்ணே. அங்கத்த நேரம்."

அண்ணன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்ப இங்க நாலரை."

"நீங்க தூங்குங்கண்ணே. நான் எறங்கி, வீட்டுக்குப் போயி, அப்புறமா போன் பண்றேன்."

"நாலரைக்குப் பண்ணு" என்றார் அண்ணன். "நான் முழிச்சிட்டுதான் இருப்பேன்."

மறுபடியும் விசில். டிரைவர் பையன் வண்டியை எடுத்தான்.